நான் தூங்கினால் சோம்பேறித்தனம், அவள் தூங்கினால் ஆராய்ச்சி

கடல்மேல் வாழும் கனம்பொருந்திய மாமா அவர்களுக்கு,

தங்கள் அருமை மருமகள் வாலு, துணி துவைக்கும் இயந்திரத்தின் மூடிமேல் காகிதத்தை வைத்து எழுதிக்கொள்வது. இங்கே அம்மா நலம். அப்பா நலம். கீழ்வீட்டுத் தையற்காரர் மகள் மிக மிக நலம். நான் மட்டும் நலமாக இல்லை. தாங்கள் நலமா என்று இந்த இடத்தில் விசாரிக்க வேண்டும் என்பது எனக்கும் தெரியும். ஆனால் எங்கள் வீடு இப்படி ஆனதற்கு மூலகாரணமே தாங்கள் என்பதால், அதைக் கடைசியில், அதற்குள் என் கோபம் ஆறியிருந்தால் விசாரிக்கிறேன். எழுத மேசை இல்லையா என்று கேட்பீர்கள். மேசை ஆராய்ச்சிக்குப் போய்விட்டது. சோபாவும் போய்விட்டது. என் தலையணையும் போய்விட்டது. எழுத்து நடுநடுவே நடுங்கினால் நான் அழுகிறேன் என்று நினைத்துவிட வேண்டாம், உள்ளே துணி பிழிகிறது என்று அர்த்தம்.

போன விடுமுறைக்கு வந்தபோது தாங்கள் எங்கள் சோபாவில் (அன்று அது எங்கள் சோபா) சாய்ந்துகொண்டு அம்மாவிடம் என்ன சொன்னீர்கள் என்று நினைவிருக்கிறதா? "அக்கா, வருஷா வருஷம் அதே கணக்கு, அதே கரும்பலகை. உனக்கே சலிக்கல? டீச்சருங்களுக்குன்னே ஒரு முதுகலைப் படிப்பு வந்திருக்குக்கா, சனி ஞாயிறு போனாப் போதும், சேரு" என்றீர்கள். கைப்பேசியில் விவரத்தைக் காட்டினீர்கள். அடுத்த வாரமே கப்பலேறி இன்ஜின் பார்க்கப் போய்விட்டீர்கள். ஒரு வீட்டுக்குத் தீ வைத்துவிட்டுத் தண்ணீருக்கு நடுவில் போய் உட்கார்ந்துகொண்ட முதல் ஆள் தாங்களாகத்தான் இருக்கும்.

படிப்பின் பெயர் 'ஒருங்கிணைந்த மாணவர் மையக் கற்றல்'. அப்பா அதை ஒரே மூச்சில் சொல்லிப் பார்த்துவிட்டுத் தண்ணீர் குடித்தார். அம்மாதான் விளக்கினாள். கணக்கு ஒரு டப்பா, அறிவியல் ஒரு டப்பா, வரலாறு ஒரு டப்பா என்று பாடங்களைத் தனித்தனியாக மூடி வைக்கக் கூடாதாம். மாணவர் மனதில் இருக்கும் ஒரு கேள்வியை எடுத்துக்கொண்டு எல்லாப் பாடங்களையும் அதைச் சுற்றிக் கட்ட வேண்டுமாம். டீச்சர் நடுவில் நின்று கத்தாமல் ஓரத்தில் நின்று உதவ வேண்டுமாம். எல்லாவற்றிலும் முக்கியம், கேள்வி கேட்டால் பதில் வரும்வரை காத்திருப்பது. குறுக்கே பேசக் கூடாது, பதிலை எடுத்துக் கொடுக்கக் கூடாது, முகம் சுளிக்கக் கூடாது. அன்று மாலையே அம்மா அப்பாவிடம் ஒத்திகை பார்த்தாள். "ராத்திரிக்கு என்ன செய்யலாம்?" என்று கேட்டுவிட்டுக் காத்திருந்தாள். அப்பா செய்தித்தாளுக்குப் பின்னால் இருந்தார். அம்மா கேள்வியை மறுபடி கேட்கவில்லை. அப்பாவுக்குக் கேள்வி கேட்கப்பட்டது என்பதே தெரியாது. கடைசியில் நாங்கள் மூவரும் ரொட்டியைத் தண்ணீரில் நனைத்துச் சாப்பிட்டுவிட்டுப் படுத்தோம்.

ஆனாலும் மாமா, நான் மகிழ்ந்தேன். உண்மையாகவே மகிழ்ந்தேன். ஏனென்றால் படிப்பின் கடைசியில் ஒரு செயல்திட்டம் உண்டு: ஒரே ஒரு மாணவரைத் தேர்ந்தெடுத்து, ஒரு பருவம் முழுக்க அவர் கேள்வியின் பின்னாலேயே போக வேண்டும். ஒரு மாணவர்! அம்மாவின் கைக்கெட்டும் தூரத்தில், அவள் வயிற்றிலேயே பிறந்து, அவள் வகுப்பிலேயே படித்து, கேள்விகளாகவே வளர்ந்து நிற்கும் மாணவர் யார்? நான் தலையைப் பின்னிக்கொண்டேன். மேகத்துக்கு எடை உண்டா, அப்பாவின் கடையில் மூக்குக்கண்ணாடி மாட்டிப் பார்ப்பவர்கள் ஏன் எல்லோரும் கழுத்தை நீட்டுகிறார்கள் என்று சில நல்ல கேள்விகளைத் தயாரித்து வைத்துக்கொண்டேன். அம்மா கேட்டு, காத்திருந்து, நான் யோசிப்பதுபோல் கொஞ்சம் மோட்டுவளையைப் பார்த்துவிட்டுச் சொல்ல வேண்டும் என்பதுவரை ஒத்திகை முடிந்திருந்தது. சாப்பிடும்போது அம்மா சாதாரணமாகச் சொன்னாள்: "சொந்தப் பிள்ளைங்கள எடுக்கக் கூடாதாம். அது விதி. நல்லதாப் போச்சு, இல்லாட்டி இவ கேக்குற கேள்விக்கெல்லாம் யார் பதில் சொல்றது?" அப்பா சிரித்தார். நானும் சிரித்தேன். வாயில் இருந்த முட்டை மட்டும் உள்ளே போகவில்லை.

அவள் யாரைத் தேர்ந்தெடுத்தாள் என்று நினைக்கிறீர்கள்? கீழ்வீட்டுத் தையற்காரர் மகளை. என் வகுப்புதான், எனக்கு முன்வரிசை. பள்ளியில் அவள் பெயர் கொட்டாவி. அவள் கொட்டாவி விடுவதை நீங்கள் பார்த்திருந்தால் உங்கள் கப்பலை நிறுத்த இடம் கிடைத்தது என்று நினைத்திருப்பீர்கள். காலை மணியடித்தால் ஒன்று, வருகைப் பதிவுக்கு 'உள்ளேன்' என்பதற்குப் பதில் ஒன்று, பாடம் முடிந்தது என்ற நிம்மதியில் ஒன்று. அவளை எங்கள் வீட்டுக்குக் கூப்பிட்டு உட்காரவைத்து, பிஸ்கட் கொடுத்து, அம்மா மெல்லக் கேட்டாள். "உனக்கு என்னம்மா தெரிஞ்சுக்கணும்?" கேட்டுவிட்டுக் காத்திருந்தாள். நான் கதவுக்குப் பின்னால் இருந்தேன். மாமா, அந்தக் காத்திருப்பை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். குழாயில் தண்ணீர் சொட்டுகிறது, அடுப்பில் பால் பொங்குகிறது, அம்மா அசையவில்லை. உலகத்தில் வேறு வேலையே இல்லாததுபோல் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். என்னை யாரும் அப்படிப் பார்த்ததாக எனக்கு நினைவில்லை, காய்ச்சல் வந்தபோதுகூட வெப்பமானியைத்தான் பார்த்தார்கள். கடைசியில் கொட்டாவி ஒரு கொட்டாவி விட்டுவிட்டுச் சொன்னாள்: "எனக்கு ஏன் டீச்சர் எப்பப் பார்த்தாலும் தூக்கமா வருது?"

இதையே நான் சொல்லியிருந்தால் கரண்டி பறந்திருக்கும். அம்மாவுக்கோ கண் கலங்கிவிட்டது. "எவ்ளோ அழகான கேள்வி!" என்றாள். பால் பொங்கி அடுப்பு அணைந்தது. துடைத்தது நான்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் தூக்கம் ஒரு பாடமாகிவிட்டது. தூக்கம் வரும்போது மூளைக்குள் என்ன நடக்கிறது என்பது அறிவியல். எந்தப் பாடவேளையில் எத்தனை பேர் கொட்டாவி விடுகிறார்கள் என்று எண்ணிப் படம் வரைவது கணக்கு. இங்கே பகலானால் எங்கே இரவு என்பது புவியியல். விளக்கு வருவதற்குமுன் மனிதர்கள் எப்போது படுத்தார்கள் என்பது வரலாறு. தாலாட்டு எழுதுவது மொழி. இவ்வளவையும் படிக்க அவள் சனி ஞாயிறு மாலைகளில் வருவாள், அம்மா வகுப்பு முடிந்து வரும்வரை சோபாவில், என் தலையணையில், செய்முறைப் பயிற்சி செய்வாள். அதாவது தூங்குவாள். ஒரு ஞாயிறு மாலை நானும் என் அறையில் படுத்திருந்தேன். அம்மா உள்ளே வந்தாள். "விளக்கு வைக்கிற நேரத்துல என்னடி தூக்கம்? எழுந்திரு! பொண்ணா பொறந்தவ இப்படியா கும்பகர்ணி மாதிரி கெடக்குறது?" என்று போர்வையை உருவினாள். "அவளும்தானேம்மா தூங்குறா" என்று கூடத்தைக் காட்டினேன். அம்மா உதட்டில் விரலை வைத்து, "ஷ்ஷ்! மெதுவாப் பேசு. அவ ஆழ்ந்த தூக்கத்துக்குப் போற கட்டம் இது" என்றாள். ஒரே வீடு, ஒரே தூக்கம். அவளுக்குப் புதுப் பாடத்திட்டம், எனக்குப் பழைய பாடத்திட்டம்.

கொட்டாவி அப்பாவையும் வளைத்துப் போட்டுவிட்டாள் மாமா. இமை எப்படிக் கனக்கிறது என்று கேட்டாளாம். அப்பா கண்ணாடிக்கடையிலிருந்து பெரிய பூதக்கண்ணாடியைக் கொண்டுவந்து அவள் இமையைக் காட்டி மணிக்கணக்கில் பேசினார். "பாரு, இந்தப் பொண்ணு எவ்ளோ கவனமாக் கேக்குது" என்று என்னிடம் வேறு சொன்னார். கவனமாகவா? கண்ணைத் திறந்துகொண்டே தூங்கினாள்! அது எனக்குத் தெரியும், அப்பாவுக்குத் தெரியாது, ஊருக்கெல்லாம் கண் பரிசோதிக்கிறவர்.

சரி, பொறாமை என்று நீங்கள் முடிவு கட்டுவதற்கு முன் ஒன்று சொல்கிறேன். பள்ளியில் நான் அம்மாவை 'டீச்சர்' என்றுதான் கூப்பிட வேண்டும், வாய் தவறி 'அம்மா' என்றால் வகுப்பே சிரிக்கும். வீட்டில் அவள் கொட்டாவியின் டீச்சர். அப்படியானால் அம்மா எனக்கு அம்மாவாக இருக்கும் நேரம் எது? பள்ளி வாசலிலிருந்து வீட்டு வாசல்வரை பேருந்தில் வரும் நேரம். நான் ஜன்னலோரம், அம்மா பக்கத்தில். தலைமையாசிரியை எப்படித் தும்முவார் என்று நான் நடித்துக் காட்டுவேன், அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரிப்பாள். அவ்வளவுதான் என் சொத்து. இப்போது கொட்டாவியும் எங்களோடு வருகிறாள். காற்றுப் பட்டால் தூக்கம் கூடுகிறதா குறைகிறதா என்று பார்க்க வேண்டுமாம். ஜன்னலோரம் அவள், நடுவில் அம்மா, நான் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்று வருகிறேன்.

நேர்வழியையும் முயன்று பார்த்தேன். ஒரு நாள் அம்மா காய் நறுக்கும்போது பக்கத்தில் போய் நின்றேன்.

"அம்மா, எனக்கு ஒரு கேள்வி."

"வீட்டுப்பாடம் முடிச்சியா?"

"இல்லம்மா, கேள்வி என்னன்னா..."

"முடிச்சிட்டு வா."

காத்திருப்பு எங்கே? ஓரத்தில் நின்று உதவுவது எங்கே? கத்தியாவது ஒரு நிமிஷம் நின்றதா? இல்லை. அங்கேதான் மாமா நான் குறுக்குவழிக்குத் திரும்பினேன்.

கொட்டாவி வகுப்பில் எண்ணிக் குறித்துவந்தாள் இல்லையா, யார் எப்போது வாயைத் திறக்கிறார்கள் என்று? அதில் கொஞ்சம் உப்பைக் கூட்டிப் போடலாம் என்று எனக்குத் தோன்றியது. கொட்டாவி என்பதே ஒட்டுவாரொட்டி, ஒருத்தர் விட்டால் பக்கத்தில் இருப்பவருக்குத் தாடை துடிக்கும். பின்வரிசையில் என் படை ஒன்று உண்டு: நெட்டை, குட்டை, எப்போதும் எதையாவது மென்றுகொண்டிருக்கும் அசை. பிஸ்கட் கொடுத்துப் பேசி முடித்தேன். "நான் காதைத் தொட்டா நீங்க வாயைத் திறக்கணும். கணக்குப் பாடத்துல மட்டும்." அசை மட்டும், "வாயில பிஸ்கட் இருந்தா?" என்று கேட்டான். முழுங்கிவிட்டுத் திற என்றேன். மறுநாள் அம்மா கரும்பலகையில் முக்கோணம் வரைந்தாள், நான் காதைத் தொட்டேன், பின்வரிசை திறந்தது. அதைப் பார்த்து நடுவரிசை திறந்தது. முன்வரிசையில் கொட்டாவிக்கு உலகமே தன் கட்சியில் சேர்ந்துவிட்ட சந்தோஷம், எண்ணுவதா விடுவதா என்று திண்டாடினாள். பாடத்தைப் பார்வையிட வந்து பின்னால் உட்கார்ந்திருந்த தலைமையாசிரியைகூட மூக்குக்கண்ணாடி நழுவும் அளவுக்கு ஒன்று விட்டார். மாமா, அப்படி ஒரு வெற்றியை நான் வாழ்க்கையில் கண்டதில்லை. பல நாள் நடத்தினோம்.

ஒரு சனிக்கிழமை கொட்டாவி தன் படத்தை மேசையில் விரித்தாள். எல்லாப் பாடங்களுக்கும் ஒரு விரல் உயரத்தில் கம்பங்கள், கணக்குக்கு மட்டும் காகிதம் போதாமல் மேலே இன்னொரு காகிதம் ஒட்டியிருந்தாள். அம்மா திட்டுவாள், கொட்டாவியை வீட்டுக்கு அனுப்பிவிடுவாள், ஆராய்ச்சி சோபாவோடு முடியும் என்று நான் துணி துவைக்கும் இயந்திரத்தின் அருகில் காத்திருந்தேன். அம்மாவோ கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். துடைத்த கண்ணாடியையே மறுபடி துடைத்தாள். பிறகு சமையலறையில் அப்பாவிடம் பேசியது கேட்டது.

"என் வகுப்புலதாங்க எல்லாரும் தூங்குறாங்க. மத்த டீச்சருங்க வகுப்புல எல்லாம் முழிச்சுக்கிட்டுத்தான் இருக்காங்க. இத்தன வருஷமா நான் பசங்களுக்குக் கணக்கு சொல்லித் தரல, தாலாட்டுப் பாடியிருக்கேன்."

அப்பா ஆறுதல் சொன்னார். "அப்படியெல்லாம் இல்ல. உன் குரலே அப்படி. நீ பேச ஆரம்பிச்சா எனக்கும் ஒரு மாதிரி கண்ணச் சொக்கும்."

ஆறுதல் அதோடு முடிந்தது.

"செயல்திட்டத்தத் தேர்வாளருங்க முன்னாடி வச்சிட்டுப் படிப்ப விட்டுடப் போறேன்" என்றாள் அம்மா. "தன் வகுப்புலயே பசங்கள முழிக்க வைக்க முடியாதவளுக்கு முதுகலை எதுக்கு? கணக்கையும் வேற யாருக்காவது கொடுத்துடச் சொல்லலாம்னு இருக்கேன்."

நான் ஜெயித்துவிட்டேன் மாமா. கேட்டது கிடைத்துவிட்டது. ஆனால் என்னவோ, அது இனிக்கவில்லை. படையைக் கலைக்கலாம் என்று திங்கட்கிழமை போனேன். "போதும், நிறுத்துங்க" என்றேன். "எங்களால முடியல. உங்க அம்மா கரும்பலகைப் பக்கம் திரும்பினாலே தானா வருது" என்றான் நெட்டை. அன்று கொசு கடித்து நான் காதைச் சொறிந்தேன். ஒரு வரிசையே வாயைப் பிளந்தது. அம்மா திரும்பிப் பார்த்தாள், சாக்பீஸை மெதுவாகக் கீழே வைத்தாள். வீட்டில் உண்மையைச் சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்த போதெல்லாம் அங்கே கொட்டாவி இருந்தாள். அவள் முன்னால் சொல்வதற்கு நான் கடலில் குதித்து உங்கள் கப்பலைப் பிடிக்க நீந்தலாம்.

செயல்திட்டத்தைத் தேர்வாளர்கள் முன் வைக்கும் நாளும் வந்தது. மாணவர் மையம் அல்லவா, மாணவரே வந்து பேச வேண்டும். கொட்டாவி ஒரு பெரிய பலகையைத் துணியால் மூடிக் கொண்டுவந்தாள். அதைத் தூக்க ஆள் வேண்டும் என்று என்னையும் கூட்டிப் போனார்கள். சுமை தூக்குவதற்கு மட்டும் சொந்தப் பிள்ளைக்குத் தடை இல்லை. நீள மேசைக்குப் பின்னால் மூன்று பேர்: முடி நரைத்த ஒரு அம்மா, பேனாவைத் திறந்து திறந்து மூடும் ஒரு ஐயா, எதற்கும் தலையாட்டும் இன்னொரு ஐயா. அம்மா ஓரத்தில் நின்றாள். விலகல் கடிதம் கைப்பைக்குள் இருந்தது, அவள் கை அந்தப் பையின் மேலேயே இருந்தது.

கொட்டாவி துணியை விலக்கினாள். மாமா, பலகையில் எங்கள் வகுப்பு. ஒவ்வொரு இருக்கைக்கும் ஒரு குண்டூசி. அவள் அப்பா கடையிலிருந்து கொண்டுவந்த நூல்கள். யாருக்குப் பிறகு யார் கொட்டாவி விட்டார்களோ, அவர் ஊசியிலிருந்து இவர் ஊசிக்கு ஒரு நூல். பலகை முழுக்கச் சிலந்தி வலை.

"எல்லாப் பாடத்துலயும் நூல் அங்கொண்ணு இங்கொண்ணாத்தான் போகுது" என்றாள். வாழ்க்கையில் முதல் தடவையாக அவள் ஒரு வாக்கியத்தைக் கொட்டாவி இல்லாமல் முடித்ததை அன்றுதான் கேட்டேன். "கணக்குப் பாடத்துல மட்டும் சிவப்பு நூல். பின்னாடியே புடிச்சுக்கிட்டுப் போனா எல்லாம் பின்வரிசையில மூணே மூணு ஊசியில போய் முடியுது. எனக்கு முதல்ல புரியல. தூக்கத்துல வர்ற கொட்டாவி இப்படி வரிசையா வராது, எனக்குத் தெரியும், எனக்குப் பழக்கம். அப்புறம் கைக்கண்ணாடி வச்சுப் பின்னாடி பார்த்தேன். அவங்களுக்கு முன்னாடி ஒரு இடத்துல இருக்கறவங்க காதத் தொடுறாங்க. உடனே அந்த மூணு பேரும் வாயத் திறக்குறாங்க. அதுல இருந்துதான் மத்தவங்களுக்கு ஒட்டுது. அதனால..." என்று அம்மா பக்கம் திரும்பினாள். "உங்க வகுப்புல யாரும் தூங்கல டீச்சர். நான்கூட உங்க வகுப்புலதான் கொஞ்சம் கம்மியாத் தூங்குறேன்."

அம்மாவின் கை பையிலிருந்து கீழே இறங்கியது.

"ரொம்ப நல்லா இருக்கும்மா" என்றார் பேனா ஐயா. "அந்த இடத்துல உக்காந்திருக்கறது யாரு?"

கொட்டாவி என்னைப் பார்த்தாள். அவள் எப்போதிலிருந்து தெரிந்து வைத்திருந்தாளோ, என் தலையணையில் படுத்துக்கொண்டே! "பேர் சொல்லக் கூடாதுங்க" என்றாள். "ஆராய்ச்சியில கலந்துக்கிட்டவங்க பேர வெளிய சொல்லக் கூடாதுன்னு டீச்சர் சொல்லியிருக்காங்க."

அவள் காட்டிக்கொடுக்கவில்லை மாமா. நான்தான் காட்டிக்கொடுத்தேன். பயம் வந்தால் என் கை எங்கே போகும் என்று எனக்கே அதுவரை தெரியாது. காதுக்குப் போனது. கொட்டாவிக்கு இத்தனை நாள் பார்த்த பழக்கம். அவள் வாய் குகைபோல் திறந்தது. அவளைப் பார்த்து நரைமுடி அம்மா திறந்தார். தலையாட்டும் ஐயா தலையாட்டியபடியே திறந்தார். பேனா ஐயா கையால் வாயை மூடிக்கொண்டு, மூடிய கைக்கு மேலே இருந்த கண்களால் என்னைப் பார்த்தார். பிறகு எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். என்னை யாரும் நடுவில் வைக்கவில்லை என்று இத்தனை பக்கம் புலம்பினேனே, இதோ நட்டநடு மையம்.

"யாரு இந்தப் பொண்ணு?"

"என் பொண்ணுங்க" என்றாள் அம்மா.

அந்தக் குரலில் என்ன இருந்தது என்று இந்தப் பருவம் முழுக்க யோசித்தாலும் எனக்கு விளங்காது. பேனா ஐயா விதிகளைப் புரட்டினார். சொந்தப் பிள்ளை ஆராய்ச்சியில் இடம்பெறக் கூடாது. இங்கே ஆராய்ச்சியின் முடிவே சொந்தப் பிள்ளைதான். முறை அருமை, மாணவி அருமை, டீச்சர் படிப்பை விடவே கூடாது, ஆனால் இந்தச் செயல்திட்டத்தை ஏற்க முடியாது. இன்னொரு பருவம், முதலிலிருந்து, அதே மாணவியோடு. புரிகிறதா மாமா? உள்ளே நுழைய விடவில்லை என்று சுவரை இடித்தேன், உள்ளே நுழைந்ததால் வீடே இடிந்தது. கொட்டாவி இன்னும் ஆறு மாதம் எங்கள் சோபாவில்.

திரும்பும் பேருந்தில் கொட்டாவி ஜன்னலோரத்தை எனக்கு விட்டுக்கொடுத்தாள். அதுவே பாதி தண்டனை. அம்மா நடுவில். திட்டு வரும் என்று தோளைச் சுருக்கிக்கொண்டேன். வரவில்லை. கொஞ்ச தூரம் போனதும் அம்மா கேட்டாள்: "ஏன்டி?"

கேட்டுவிட்டுக் காத்திருந்தாள்.

அந்தக் காத்திருப்பு, மாமா. கதவுக்குப் பின்னாலிருந்து நான் பார்த்து வயிறெரிந்த அதே காத்திருப்பு. நிறுத்தங்கள் போயின, ஆட்கள் ஏறினார்கள், இறங்கினார்கள், நடத்துனர் வந்து பயணச்சீட்டு கேட்டுவிட்டுப் போனார். அம்மா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் எத்தனை ஒத்திகை பார்த்திருந்தேன்! ஜன்னலோரம், பேருந்து, தும்மல், தலையணை, எல்லாம் தொண்டைவரை வந்தது. கடைசியில் வெளியே வந்தது என்ன தெரியுமா? "பசிக்குதும்மா."

அம்மா இறங்கும் இடத்தில் பன் வாங்கிக் கொடுத்தாள். கொட்டாவிக்கும் ஒன்று. அதை அவள் மென்றுகொண்டே என் தோளில் சாய்ந்து நின்றபடி தூங்கிவிட்டாள், எச்சிலோடு.

ஆகவே மாமா, தங்களிடம் என் விண்ணப்பம் இதுதான். இன்னொரு பருவத்தை என்னால் தாங்க முடியாது. தங்கள் கப்பலில் எனக்கு ஏதாவது வேலை பார்த்து வையுங்கள். உருளைக்கிழங்கு உரிப்பேன். இன்ஜினுக்கு எண்ணெய் விடுவேன். தூங்கவே மாட்டேன், தூக்கம் என்ற சொல்லைக் கேட்டாலே எனக்கு உடம்பு கூசுகிறது. இல்லையென்றால் அம்மாவுக்கு ஒரு வரி எழுதி, ஆரம்பித்து வைத்த வாயாலேயே அந்தப் படிப்பை முடித்து வையுங்கள். இரண்டில் ஒன்று. தங்கள் முடிவுக்காக நான் குறுக்கே பேசாமல், முகம் சுளிக்காமல், எடுத்துக் கொடுக்காமல் காத்திருப்பேன், அம்மா படிக்கும் படிப்பில் அப்படித்தான்.

தங்கள் நலம் விசாரிக்கிறேன் என்று சொன்னேன் அல்லவா: தாங்கள் நலமா? அத்தையிடம் பேசும்போது என் வணக்கத்தைச் சொல்லுங்கள். அலைகள் தங்களிடம் பார்த்து நடந்துகொள்ளட்டும், இன்ஜின் கொட்டாவி விடாமல் ஓடட்டும், கரையில் தங்களுக்கு மருமகள் ஒருத்தி இருந்தாள் என்பது அவ்வப்போது நினைவில் வரட்டும்.

இப்படிக்கு,
வீடிருந்தும் மேசை இல்லாத,
தங்கள் வாலு

பி.கு.: உறையை ஒட்டுவதற்குள் ஒரு மாதம் ஓடிவிட்டது. மேலே எழுதியதில் கப்பல் வேலை பற்றிய பகுதியைத் தயவுசெய்து படிக்காமல் விட்டுவிடுங்கள். அம்மாவுக்கும் எதுவும் எழுத வேண்டாம், அந்தப் படிப்பு மிக அருமையான படிப்பு. என்ன நடந்தது என்றால், அன்று எங்களுக்கு அடுத்துத் தேர்வாளர்களைப் பார்க்கக் காத்திருந்த ஒரு சுருட்டைமுடி டீச்சர், அம்மாவின் வகுப்புத்தோழி, எல்லாவற்றையும் கதவு வழியாகக் கேட்டிருக்கிறார். அவர் எடுத்திருந்த மாணவன் வேறு ஊருக்குப் போய்விட்டானாம், புது ஆள் வேண்டுமாம். வீடு தேடி வந்து அம்மாவிடம், "ஒரு வகுப்பையே காதால ஆட்டிவச்ச அந்தப் பொண்ண எனக்குத் தர்றீங்களா?" என்று கேட்டார். நான் அவருக்குச் சொந்தப் பிள்ளை இல்லையே, விதி இடிக்கவில்லை. என்னை எதிரில் உட்காரவைத்து, "உனக்கு என்னம்மா தெரிஞ்சுக்கணும்?" என்றார். காத்திருந்தார். நானும் மோட்டுவளையைப் பார்த்துவிட்டுச் சொன்னேன்: "அடுத்தவங்களுக்கு நல்லது நடந்தா நமக்கு ஏன் டீச்சர் வயித்துல எரியுது? தலையில எரியலாம்ல? கால்ல எரியலாம்ல?" அவருக்குக் கண் கலங்கிவிட்டது. இரைப்பையில் ஊறும் அமிலம் அறிவியல், யாருக்கு எவ்வளவு எரிகிறது என்று அளப்பது கணக்கு, பங்காளிச் சண்டை வரலாறு. அம்மா மட்டும் கதவருகில் நின்று, "இத ஏன்டி என்கிட்ட கேக்கல?" என்றாள். "நீதான் வீட்டுப்பாடம் முடிச்சியான்னு கேட்டியேம்மா" என்றேன். அதற்குப் பிறகு நான் சனிக்கிழமை திரும்பி வரும்போதெல்லாம் அம்மா வாசலிலேயே நிற்கிறாள். "அங்க என்ன கேட்டாங்க? நீ என்ன சொன்ன? என்ன சாப்பிடக் குடுத்தாங்க? அவங்க ரொம்ப நேரம் காத்திருப்பாங்களோ? என்னைவிடவா?" என்று விடாமல் கேட்கிறாள், பதிலுக்குக் காத்திருப்பதே இல்லை. தங்களுக்கு அவளும் ஒரு கடிதம் எழுதப் போகிறாளாம், நம்பிவிடாதீர்கள். என் தலையணையைக் கொட்டாவிக்கே விட்டுக்கொடுத்துவிட்டேன், சுருட்டை டீச்சர் வீட்டில் இதைவிட மெத்தென்று ஒன்று இருக்கிறது. ஒரே ஒரு குறைதான். அந்த வீட்டில் என் வயதில் ஒரு பெண் இருக்கிறாள், டீச்சரின் சொந்த மகள். நான் சோபாவில் சாய்ந்து யோசித்துக்கொண்டிருக்கும்போது கதவுக்குப் பின்னால் நின்று என்னை ஒரு மாதிரி பார்க்கிறாள். நான் அவளுக்கு ஒரு கெடுதலும் செய்யவில்லை. அடுத்தவர்கள் நன்றாக இருந்தால் சில பேருக்குப் பொறுக்காது போலிருக்கிறது, மாமா.